வழைச்சு என்றொரு சொல்

ஸ்பெயினில் ஊருக்கொரு பியர் உண்டு. பார்சலோனாவுக்கு 1876-ல் தொடங்கிய எஸ்ட்ரெய்யா டாம், மாட்ரிட்டுக்கு 1890-ன் மாஹோ, சரகோசாவுக்கு 1900-ன் ஆம்பார், செவில்லுக்கு 1904-ன் குரூஸ்காம்போ, வடமேற்கு மூலையில் கடலைப் பார்த்து நிற்கும் லா கொருன்யாவுக்கு 1906-ன் எஸ்ட்ரெய்யா கலீசியா, கிரனாடாவுக்கு 1925-ன் அல்ஹாம்ப்ரா. சான் மிகெலின் கதை தனி. அது 1890-ல், ஸ்பெயினின் காலனியாக இருந்த மணிலாவில் பிறந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் ஸ்பெயினுக்குக் குடிவந்தது. இவற்றை வரிசையாக வைத்துக் குடித்துப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஒற்றுமைதான். பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: குளிரில் மெல்லப் புளித்து, நாள்பட வைத்துத் தெளிந்த, பொன்னிற லாகர். முறையும் இரவல். டாம் ஆலையைத் தொடங்கியவர் அல்சேஸ் பகுதியிலிருந்து வந்தவர். லாகர் என்பதே ஜெர்மன், போஹீமிய நாடுகள் உலகுக்குக் கொடுத்தது. இருந்தும் எந்த ஊர்ப் பியர் உசத்தி என்ற வழக்கு அங்கே ஓயவில்லை. கான்யா என்று அவர்கள் சொல்லும் சிறு கோப்பையில் 200 மில்லி அளவுதான் பிடிக்கும். அதைச் சூடாவதற்குள் முடித்து, கூடவே ஏதாவது தின்று, ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஆம்பாரில் வறுத்த மால்ட்டின் வாடை சற்றுத் தூக்கல், கலீசியாவில் கசப்பு நாவின் பின்பக்கம் நிற்கிறது, டாம் லேசாக இறங்குகிறது என்று பேச்சு போகிறது.

டாம் ஏன் லேசாக இறங்குகிறது என்ற கேள்விதான் காவிரிப் படுகையில் இருக்கும் ஒருவரை நிமிர்ந்து உட்காரச் செய்ய வேண்டியது. அதில் பார்லி மால்ட்டோடு அரிசியும் சேர்கிறது. ஸ்பெயினும் கடற்கரையை ஒட்டி நெல் விளையும் நாடுதான். பார்சலோனாவுக்குத் தெற்கே எப்ரோ ஆற்றின் முகத்துவாரமும், வலென்சியாவை அடுத்த அல்புஃபேரா ஏரிக்கரையும் பழைய நெல் வயல்கள். ஆனால் பியரில் அரிசி வருவது சுவை சேர்ப்பதற்காக அல்ல, குறைப்பதற்காக. அரிசியில் மாவுச்சத்து மிகுதி, புரதமும் கொழுப்பும் குறைவு. அது சாராயச் சத்தைக் கொடுக்கும். தன் வாடையைக் கொடுக்காது. பார்லியின் கனத்தையும் நீர்த்துவிடும். இந்தியாவில் விற்கும் வணிக பியர்கள் பலவற்றிலும் குருணை அரிசியோ அரிசி அவலோ இதே காரணத்துக்காகத்தான் சேர்கிறது. உலகின் பெரிய மதுவாலைகளுக்கு அரிசி என்பது சுவையற்ற தானியம். நெல்லை வாழ்வாக வைத்திருக்கும் நாடு இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளலாமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் வாதம். ஒரு காலத்தில் அரிசியின் சுவையைப் பானத்தில் வைத்து அறிந்து, அதற்குச் சொல்லும் வைத்திருந்தவர்கள் நாம். அந்தச் சொற்களைத் தொலைத்தபோது தானியத்தை நாவால் அறியும் பழக்கத்தையும் சேர்த்தே தொலைத்தோம்.

இந்த ஒப்பீட்டையே பொய் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐரோப்பிய லாகர்கள் மூன்றை எடுத்து, பெயரை மறைத்து, மூன்று கோப்பைகளில் இரண்டு ஒன்று, ஒன்று வேறு என்று வைத்துக் கேட்டார்கள். குடித்தவர்களால் வேறானதை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியானால் மாட்ரிட்டின் பெருமையும் பார்சலோனாவின் பெருமையும் லேபிளில் இருக்கிறதா? பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவு நாவைக் குற்றம் சாட்டவில்லை, பொருளைத்தான் சாட்டுகிறது. எல்லா ஊரிலும் எல்லாருக்கும் பிடிக்கும்படி, வேறுபாடுகளைத் தேய்த்துத் தேய்த்து ஆக்கிய பானங்களில் வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காது. அந்தத் தேய்ப்புக்கு உதவும் கருவிகளில் ஒன்று அரிசி. சுவையை அழிக்க அரிசியைப் பயன்படுத்தியவர்கள், அரிசியின் சுவை என்ன என்று கேட்கவே இல்லை.

கேட்டவர்கள் இங்கே இருந்தார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் நூல். போகும் வழியில் யார் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. மறவர் குடியில் வீட்டிலேயே ஆக்கிய தோப்பி கிடைக்கும். தோப்பி என்றால் நெல்லால் செய்த கள் என்று உரை சொல்கிறது. அதற்கப்புறம் வலைஞர் குடியிருப்பு. அங்கே கவிஞர் வெறுமனே பானத்தின் பெயரைச் சொல்லிக் கடக்காமல் செய்முறையையே சொல்கிறார். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி வேகவைக்கிறார்கள். அகன்ற வாயுள்ள பிழாவில் கொட்டி ஆறவிடுகிறார்கள். கறையான் புற்றின் உள்ளே இருக்கும் தேனடை போன்ற குரும்பியைப் போலத் தோன்றும் ஓர் அடையை அதில் கலக்கிறார்கள்; அதை நெல் முளையின் அடை என்று உரை விளக்குகிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் போகின்றன. வலுவான வாயுள்ள சாடியில் வழைச்சு நீங்கும்வரை முதிரவிட்டு, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து அரித்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள்.

இது கவிதை, சமையல் குறிப்பில்லை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். சங்கக் கவிதையைக் காட்டி எதையும் நிறுவிவிடும் பழக்கம் நம்மிடம் மிகுதி. அதைக் கண்டு சலித்தவர்கள் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. ஆகவே இந்தச் செய்முறையின் வரிசையை வேதியியலோடு ஒத்துப் பார்ப்போம். பார்லி மால்ட்டை 65 டிகிரி அளவிலான வெந்நீரில் ஊறவைத்தாலே அதன் மாவுச்சத்து இளகி, முளையில் இருக்கும் நொதிகள் அதைச் சர்க்கரையாக உடைக்கும். அரிசி அப்படியில்லை. அதன் மாவுச்சத்து இளகுவதற்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடும். அதனால்தான் இன்றைய ஆலைகளில் அரிசிக்கென்று தனிக் கொப்பரை வைத்து, முதலில் அதை வேகவைத்து, பிறகு நொதிகள் சாகாத சூட்டில் இருக்கும் மால்ட்டோடு சேர்க்கிறார்கள். வலைஞர் குடியில் நடந்ததன் அடிப்படையும் இதுதான்: முதலில் வேகவைப்பது, பிறகு ஆற்றுவது, அதற்கும் பிறகு முளையடையைக் கலப்பது. வரிசை மாறினால் பானம் வராது. கேள்விப்பட்டதை ஒப்பித்த கவிஞருக்கு இந்த வரிசை இவ்வளவு பிசகாமல் வந்திருக்காது. ஆக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்த கண் இது. ஒரு குறை உண்டு. இந்தக் காட்சி தொண்டை நாட்டுக்குப் போகும் வழியில் வருகிறது, சோழ நாட்டில் இல்லை. ஆனால் அதே கவிஞர்தான் கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடியவர். காவிரிக் கழிமுகத்தின் உணவும் குடியும் அவர் அறியாததல்ல.

இந்த வரிசையில் என்னைப் பிடித்து நிறுத்துவது வழைச்சு என்ற சொல். இளமையின் கொழகொழப்பு, பச்சைத்தன்மை, இன்னும் முதிராத வாடை என்று அதை விரிக்கலாம். பியர் ஆக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த குறை. புளித்து முடியாத பியரில் நறுக்கிய பச்சை ஆப்பிளைப் போல ஒரு வாடை வரும். அசிட்டால்டிஹைடு என்ற பொருள்தான் காரணம். இன்னும் சில நாள் வைத்திருந்தால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கிடங்கில் வைத்திருப்பது என்றுதான் பொருள். வைத்திருப்பதன் நோக்கங்களில் ஒன்று இந்தப் பச்சை வாடையைப் போக்குவது. ஐரோப்பியர் குளிர்ந்த பாதாள அறைகளில் வாரக்கணக்கில் செய்ததை, நம் கடற்கரை வெப்பத்தில் ஒரு சாடியில் இரண்டு நாளில் செய்து, அது ஆகிவிட்டதா என்பதை மூக்காலும் நாவாலும் தீர்மானித்தவர்கள் அதற்கு ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள். பானத்தின் பெயர்கள் எந்தச் சமூகத்திலும் இருக்கும். பானத்தின் குறைக்கு ஒரு பெயர் இருப்பதுதான் அங்கே சுவைத்துப் பார்க்கும் கலை இருந்ததற்கு அத்தாட்சி. ஒருமுறையாவது கெட்டதையும் நல்லதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது.

ஒப்பிட்டுத் தேர்ந்ததற்கும் சான்று இருக்கிறது. பட்டினப்பாலையில் புகார் நகரத்து இரவைச் சொல்லும் இடத்தில், பட்டாடையைக் களைந்து மெல்லிய துகிலை உடுப்பதோடு, மட்டை விட்டுவிட்டு மதுவுக்கு மாறுவதும் வருகிறது. இரண்டும் கள்தானே என்று அவர்கள் நினைக்கவில்லை. பகலுக்கும் இரவுக்கும் உடை வேறாவதுபோலப் பானமும் வேறானது. கள், நறவு, தேறல், பிழி, மட்டு, தோப்பி, அரியல் என்று சங்க நூல்களில் வரும் பெயர்கள் வெறும் ஒருபொருட் பன்மொழி என்று நிகண்டுகளைப் படித்த நமக்குத் தோன்றுகிறது. அரித்தது அரியல், பிழிந்தது பிழி, தெளிந்தது தேறல் என்று அவை செய்முறையையே பெயராகக் கொண்டவை. புறநானூற்றில் யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலும் உண்டு. அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடித் துண்டுகள் அந்தக் கவிதைக்கு மண்ணிலிருந்து கிடைத்த சாட்சி. வெளியிலிருந்து வந்ததை உள்ளூர்ப் பொருளோடு ஒத்துப் பார்க்கிற வாய்ப்பும் வழக்கமும் இந்தக் கரையில் புதிதல்ல.

பிறகு என்ன ஆயிற்று? நீண்ட காரணங்கள் இருக்கின்றன. சமண பௌத்த அறநூல்களும் பக்தி இயக்கமும் சாதி ஒழுக்கமும் அதில் அடங்கும். அவற்றுக்குள் இங்கே போகப்போவதில்லை. அண்மை வரலாறு போதும். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்ந்தது, மீண்டும் இறுகியது, மீண்டும் தளர்ந்தது. 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை. 1983-ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. இந்த மாற்றங்களில் ஒன்று மட்டும் மாறவே இல்லை: எல்லாப் பானத்தையும் ஒரே சொல்லுக்குள், போதை என்ற சொல்லுக்குள், அடைத்துவிட்ட பார்வை. மூடியவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள், திறந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். அதனால்தான் நூற்றுக்கு ஐந்து அளவில் சாராயச் சத்துள்ள கள் குற்றமாகவும், 42.8 சதம் உள்ள பிராந்தி அரசுக் கடைச் சரக்காகவும் ஒரே மாநிலத்தில் இருக்க முடிகிறது. அரசலாறு கடலைச் சேரும் காரைக்காலில் சட்டம் வேறு. அதே ஆறு, அதே வண்டல், அதே தென்னை, அங்கே கள்ளுக்கடை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் கவுன்டரில் நிற்பவர் கேட்பது அன்றைக்கு என்ன இருக்கிறது என்பதை. என்ன சுவை என்று கேட்க அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை, சொல்லும் இல்லை. பியர் என்றால் பெரும்பாலும் 650 மில்லி பாட்டில். மூன்று சிறு கோப்பைகளை எதிரில் வைத்து ஒப்பிடும் ஏற்பாடே அந்த வியாபாரத்தில் கிடையாது.

இந்த இடத்தில் மிகக் கனமான மறுப்பு வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே சாவு. படுகையின் எந்தக் கிராமத்திலும் குடியால் கூலியையும் உடம்பையும் இழந்த வீடுகள் உண்டு. அந்தச் சுமையைப் பெண்கள் சுமக்கிறார்கள். இப்படியொரு மண்ணில் பானத்தின் சுவையைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கில்லையா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. சுவை அறிந்தால் குடி குறையும் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. சுவை அறிந்த ஸ்பெயினிலும் குடியால் கெட்டவர்கள் உண்டு. நான் சொல்வது அதைவிடச் சிறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிறவர் அந்தத் திரவத்தின் சுவையைத் தவிர்ப்பதற்காகத்தான் அப்படி விழுங்குகிறார். போதை மட்டுமே பொருள் என்றான பின் நாவுக்கு அங்கே வேலை இல்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை கடை வேண்டும், வேண்டவே வேண்டாமா என்பதெல்லாம் வேறு விவாதம். கடைகள் குறைய வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் மதுவிலக்கு முழுதாக வந்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கும். ஏனென்றால் அது சாராயத்தைப் பற்றியதல்ல, நெல்லைப் பற்றியது.

நெல்லுக்கு வருவோம். முளைத்த நெல் என்ற சொல்லைக் கேட்டால் இன்று தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயிக்கு வயிறு கலங்கும். குறுவை அறுவடை வடகிழக்கு மழையோடு மோதும். விதை உறக்கம் இல்லாத குறுகிய காலப் பயிர் சாய்ந்து நீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கடியில் குவிந்து கிடந்தாலும் முளைத்துவிடும். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்து குறுவை பெருகியபோது ஈர நெல் பெரும் சிக்கலானது. 1967-ல் திருவாரூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கியதற்கு இந்த ஈரம்தான் காரணம். அது பின்னர் தஞ்சாவூருக்கு மாறி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. உலர்த்துவதும் ஈரத்தை அளப்பதும் அவசியமான வேலைகள்; அவற்றைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் விருந்தின் தொடக்கமாக இருந்த நெல் முளை, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு கழிவுக் கணக்கில் மட்டும் இடம்பெறும் பொருளாகிவிட்டது. கொள்முதலில் நெல்லுக்குக் கேட்கப்படும் கேள்விகள் எவை? ஈரப்பதம் 17 சதத்துக்குள் இருக்கிறதா, மணியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் 2.5-ஐத் தொடுகிறதா. தொட்டால் சன்ன ரகம், தொடாவிட்டால் பொது ரகம். சுவையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விளைபொருளை நாவில் வைத்துப் பார்க்காமலே வாங்கி, கலந்து, அரைத்து, அனுப்பிவிடுகிற ஏற்பாடு இது. அரிசியைச் சுவையற்ற தானியம் என்று சொல்லும் பார்சலோனா ஆலைக்கும் நம் கொள்முதல் பட்டியலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அரிசிக்கெல்லாம் ஒரே சுவைதானே, குழம்புதானே வேறுபாட்டைக் கொடுக்கிறது என்று சொல்பவருக்கு மறுமொழி, படுகையின் வீடுகளிலேயே இருக்கிறது. வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுதும் வைத்தால் காலையில் நீராகாரம். நீச்சத்தண்ணி என்றும் சொல்வார்கள். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இது. போதை இல்லாத, ஆனால் முழுக்கப் புளிப்பால் ஆன அரிசிப் பானம். சித்திரையில் சீக்கிரம் புளிக்கும், மார்கழியில் தயங்கும். மண்பானையில் ஒருவிதம், எவர்சில்வரில் ஒருவிதம். எல்லாவற்றையும்விட அரிசிக்கு அரிசி மாறும். மாப்பிள்ளைச் சம்பாவின் நீர் செந்நிறத்தில், துவர்ப்போடு, கனமாக இறங்கும். தவிட்டோடு கூடிய சிவப்பரிசியில் அந்தத் துவர்ப்பு தவிட்டுத் தோலின் நிறப்பொருள்களிலிருந்து வருகிறது. சீரகச் சம்பாவில் மணம் முதலில் வரும், புளிப்பு பின்னால் வரும். பட்டை தீட்டிய ஆலைப் புழுங்கலில் நீர் வெளுத்து, புளிப்பைத் தவிர வேறெதுவும் நிற்காது. லாகர்களில் வேறுபாடு தெரியவில்லை என்று சொன்ன அதே மூன்று கோப்பைச் சோதனையை இந்த நீரில் வைத்துப் பார்த்தால் விடை வேறாக வரும் என்று நம்ப எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. இங்கே தானியம் மறைக்கப்படவில்லை, அது ஒன்றுதான் இருக்கிறது. மாட்டுக்கொட்டிலிலிருந்து வயலுக்குப் போனவர்களும் நடவுக்குக் குனிந்த பெண்களும் அன்றாடம் குடித்ததால் இதை யாரும் சுவைப் பொருளாக எண்ணவில்லை. ஏழைகளின் உணவுக்குச் சுவைச்சொற்கள் தேவையில்லை என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். ஸ்பெயினிலும் கான்யா ஒரு தொழிலாளியின் கோப்பைதான். அதற்குச் சொல் பெருகியது, இதற்குப் பெருகவில்லை.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழா, அவர் 2018 டிசம்பரில் மறைந்த பிறகும் நடந்துவருகிறது. 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். காட்டுயானம், குள்ளக்கார், தூயமல்லி, கறுப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படி மீண்டன. அவற்றைப் பற்றி இன்று கிடைக்கும் குறிப்புகள் மருந்துக் குணத்தையும் நாள் கணக்கையும் சொல்கின்றன: இது சர்க்கரைக்கு நல்லது, இது வெள்ளம் தாங்கும், இது 180 நாள். சுவை என்று ஒரு வரி அங்கே கிடைப்பது அரிது. விதையைக் காப்பாற்றியவர்களிடம் வைக்க ஒரு வேண்டுகோள் உண்டு. நான்கு கிலோவைத் திருப்பிக் கொடுக்க வரும்போது, அந்த நெல்லின் சோற்றை ஒரு இரவு ஊறவைத்து, பக்கத்தில் வேறொரு ரகத்தின் நீரையும் வைத்துக் குடித்துப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டில் பேசும் சொல்லிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி விதைப் பையோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.